புது வீட்டு ஜாபிதா

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கட்டிய வீட்டுக்குச் சாமான் வாங்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டது ஏன் என்பது நமக்கு வெகுநாளாய்ப் புரியாத விஷயம். ஒருவேளை அந்தக் காலத்தில் அது அத்தனை பெரிய காரியமாக இருக்கவில்லை போலும். நிறைகுடம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு படி அரிசி, ஒரு செம்பு பால் - இவ்வளவோடு குடியேறினார்கள். மற்றவை ஒவ்வொன்றாய், சந்தைக்குச் சந்தை, வீடு வந்து சேர்ந்தன. இந்தக் காலத்திலோ பால் பொங்குவதற்கு முன்னாலேயே வீடு நிறைந்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

நம் நண்பர் ஒருவர் மதுரை நகரின் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. கிருஹப்பிரவேசத்துக்கு இருபது நாட்கள் இருக்கையில், தம் மனைவியும் தாமுமாய்த் தயாரித்த சாமான் ஜாபிதாவை நம்மிடம் காட்டினார். மொத்தம் 64 உருப்படிகள். எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பில்லில், 24 மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. "வட்டி ஒரு பைசாக் கிடையாதாம்" என்று பெருமிதத்துடன் சொன்னார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தாயாரை அழைப்பதற்காக அவர் கல்லுப்பட்டிக்குப் புறப்பட்டபோது, நாமும் கூடப் போனோம்.

தாயார் கண்ட குறை

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கல்லுப்பட்டி. இருபுறமும் கரிசல் பூமி. ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கும் சிற்றூர். ஆனால் ஊர் வயதில் சிறியதன்று. 1970-களில் தொல்பொருள் துறையினர் இங்கே அகழ்ந்து பார்த்தபோது, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழங்காலத்து மட்பாண்டங்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே இந்தக் கரிசலில் யாரோ ஒரு தம்பதி குடித்தனம் வைத்தபோது, அவர்களுடைய ஜாபிதாவில் முதல் உருப்படி பானைதான் என்பதற்கு அவை சாட்சி.

நண்பரின் தாயார் எண்பதை நெருங்கியவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாபிதாவை மேலிருந்து கீழ் வரை படித்தார். சுவர் அகலத் தொலைக்காட்சி, காற்றில் பொரிக்கும் அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம், மெத்தைச் சோபா, ஆறு பேர் சாப்பிடும் மேஜை - எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. முடிவில், "எல்லாம் இருக்குப்பா. அரிவாமனையைக் காணோம், விளக்குமாறைக் காணோம், சுளகைக் காணோம், தீப்பெட்டியைக் காணோம். கதவுக்கு ஒரு பூட்டும் காணோம். இம்புட்டுச் சாமானையும் வாங்கி வச்சுட்டுத் திறந்து போட்டுட்டா போவீக?" என்று கேட்டார்.

நண்பரின் மனைவி சிரித்துவிட்டார். "அத்தை, அதெல்லாம் சின்னச் சாமான். அப்புறம் வாங்கிக்கலாம்னு எழுதலை" என்றார்.

"தினம் கையில எடுக்கிறதுதாம்மா பெரிய சாமான்" என்றார் அந்த மூதாட்டி.

சாமான் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதாகவே நமக்குத் தோன்றியது. தினமும் கையில் எடுப்பது முதலில். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது அப்புறம். விருந்தாளி பார்ப்பதற்காக வைப்பது கடைசியில். நாமோ இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் கடன்பட்டு வாங்குகிறோம்.

ஒரு குடிசையும் ஒரு படமும்

அன்று மாலை அவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குப் போனோம். 1940-இல் ஜி. வேங்கடாசலபதி ஸ்தாபித்த ஆசிரமம் இது. ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். அவருடைய நினைவிடமும் இங்கே இருக்கிறது.

குமரப்பாவைப் பற்றி இளைய தலைமுறையினர் அதிகம் அறியார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்றார். நம் தேசத்தின் வறுமைக்கும் பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தார். 1929 மே மாதத்தில் அவர் சபர்மதிக்குச் சென்று காந்திஜியைச் சந்தித்தார். மேனாட்டு உடையும் பம்பாய் வருமானமும் அதன் பின்னர் அவரை விட்டு நீங்கின. 1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவருக்குக் கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று காந்திஜியே வேடிக்கையாகப் பட்டம் கொடுத்தார்.

அத்தகையவர் கடைசியில் கல்லுப்பட்டியில் ஒரு சிறு குடிசையில் வாழ்ந்தார். அக்குடிசைச் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் மாட்டியிருந்ததாகவும், யார் இவர் என்று கேட்டவர்களிடம், தம் குருவுக்கும் குரு என்று அவர் பதில் சொன்னதாகவும் கூறுவர். காந்திஜி அவருக்குக் குரு; காந்திஜிக்குக் குரு அந்தக் குடியானவன். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்திஜி மறைந்த அதே தினத்தில், குமரப்பா சென்னையில் காலமானார்.

64 உருப்படி ஜாபிதாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்ற நம் நண்பருக்குச் சற்று வெட்கமாயிருந்தது. அப்படி வெட்கப்பட வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம். குமரப்பா எல்லோரையும் குடிசைக்குப் போகச் சொன்னவரல்லர். வாங்குகிறவன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர். அவர் தொழிலே தணிக்கைதான் அன்றோ!

புலி முதல் தாய்ப்பறவை வரை

குமரப்பா சிறையில் இருந்தபோது எழுதி 1945-இல் வெளியான ஓர் ஆங்கில நூல் உண்டு. நிலைபெற்ற பொருளாதாரம் என்பது அதன் பெயருக்குப் பொருள். காந்திஜியின் முன்னுரையோடு வந்த அந்நூலில், ஜீவராசிகள் பிழைக்கும் வகையை ஐந்தாகப் பிரித்துக் காட்டுகிறார். புலி, தான் தின்னும் பிராணியைக் கொன்றுவிடுகிறது. குரங்கு, மரத்தைக் கொல்லாவிடினும், தான் உழைக்காத தோப்பில் பழம் பறிக்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டிக்கொள்கிறது. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் சேர்த்து உழைக்கிறது. தாய்ப்பறவையோ கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடுகிறது. மனிதர் பொருள் தேடும் வகைகளும் இந்த ஐந்தில் அடங்கும் என்பது அவர் கொள்கை.

பொருளைத் தேடுவதற்குச் சொன்னதைப் பொருளை வாங்குவதற்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம். செய்தவனின் வயிறு காயும்படி விலை குறைத்து வாங்கினால் அது எந்த ஜாதி வாங்குதல்? மலிவு மலிவு என்று வாங்கி, ஆறு மாதத்தில் குப்பையில் எறிந்துவிட்டு மீண்டும் வாங்கினால், அது எந்த ஜாதி? ஒரு பொருள் எங்கே பிறந்தது, யார் கையில் உருவானது என்று கேட்காமல் வாங்குகிறவன், அதன் பின்னால் உள்ள நன்மையிலும் தீமையிலும் தன் பங்கை ஏற்கிறான் என்பதே குமரப்பா வற்புறுத்திய தர்மம்.

பூட்டும் தீப்பெட்டியும்

தாயார் குறிப்பிட்ட சின்னச் சாமான்களை வைத்தே இதைச் சோதிப்போம்.

பூட்டு வேண்டுமானால் மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் இருக்கிறது. கையால் செய்த மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரத்தில் வார்த்துத் தள்ளும் மலிவுப் பூட்டோடு போட்டியிட முடியாமல் கைப்பூட்டுத் தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. குறியீடு பெயரைத்தான் காக்கும். பூட்டு செய்கிறவன் வீட்டு அடுப்பை, பூட்டு வாங்குகிறவர்தாம் காக்க வேண்டும். வாசற்கதவில் பதித்த பூட்டுக்கு நாம் போக முடியாவிட்டாலும், பரண் அறைக்கும் பெட்டிக்கும் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்குவதில் என்ன தடை?

தண்ணீர்ப் பானைக்கு மானாமதுரை. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துச் செல்கிறது. மின்சாரம் வேண்டாத குளிர்பெட்டி இது. விரிப்பதற்குப் பத்தமடையின் கோரைப் பாய். கூடத்தில் பத்துப் பேர் உட்காரப் பவானி ஜமக்காளம். சோபா மூன்று பேருக்கு இடம் தருகிறது. ஜமக்காளம் பத்துப் பேருக்கு இடம் தந்துவிட்டு, மாலையில் சுருண்டு மூலையில் போய் நிற்கிறது. சின்ன வீட்டுக்கு இதைவிடப் பெரிய குணம் வேறென்ன வேண்டும்?

இனித் தீப்பெட்டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் சிவகாசி. ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் தீப்பெட்டி வந்திறங்கிய காலத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமிக்கு அது வேலை கொடுத்தது. சுதேசித் தொழில் என்று நாம் நெஞ்சு நிமிர்ந்து சொல்ல வேண்டிய கதை.

ஆனால் கதையை அங்கே நிறுத்திவிடுவது நியாயமாகாது. பிற்காலத்தில் அதே தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வேலை செய்தார்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி செய்வதைக் குழந்தைகள் செய்யக்கூடாத தொழில்களில் சேர்த்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. இத்தனை காலமும் அந்தத் தீக்குச்சிகளைக் கொண்டு பூஜை விளக்கேற்றியவர்கள் யார்? நாம்தான். குச்சியின் சுடரைப் பார்த்தோமேயன்றி அதை அடுக்கிய பிஞ்சு விரல்களைப் பார்த்தோமில்லை.

ஆகவே, அருகில் செய்தது, சுதேசி, கைத்தொழில் என்ற பெயர்கள் மட்டும் போதா. யார் கை, அந்தக் கைக்கு என்ன வயது, என்ன கூலி என்ற கேள்வியும் சேர வேண்டும். எல்லாச் சாமானுக்கும் விடை கிடைக்காதுதான். ஆனால் கேட்கிறவர் பலராகும்போது, கடைக்காரரும் தமக்குச் சரக்கு அனுப்புகிறவரைக் கேட்கத் தொடங்குவார்.

இயந்திரம் வேண்டாமா?

இங்கே நம் வாசக சகோதரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதை நாம் அறிவோம். "ஆட்டுக்கல்லையும் உலக்கையையும் மறுபடி எங்கள் கையில் கொடுக்கப் பார்க்கிறீர்களா?" என்பது அது. நியாயமான கேள்வியே. வார்தாவில் சங்கத்தார் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றை உருவாக்கினார்கள். அன்றைக்கு அது நல்ல யோசனை. இன்று யாரும் அதைக் கொண்டு படிக்கப் போவதில்லை, படிக்கவும் வேண்டாம். விறகடுப்பின் புகையில் நம் பாட்டிமார் இருமிய இருமலைக் கேட்டவர்கள், எரிவாயு அடுப்பை ஆடம்பரம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். கோயம்புத்தூர்க் கிரைண்டர் - அதற்கும் 2006 முதல் புவிசார் குறியீடு உண்டு - எத்தனை தோள்வலியை இந்நாட்டிலிருந்து துரத்தியிருக்கிறது! உழைப்பைக் குறைத்து வேலையைக் கெடுக்காத இயந்திரம் வீட்டுக்கு வரட்டும்.

ஆனால் அதையும் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். மின்விசிறியைப் பாருங்கள். பழைய ரக விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் இழுக்கிறது. புது ரகங்களில் 30 வாட்டில் ஓடுவன உண்டு. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், மாதத்துக்கு முன்னது 27 யூனிட், பின்னது 11 யூனிட்டுக்கும் குறைவு. நான்கு விசிறி உள்ள வீட்டில் மாதம் அறுபது யூனிட்டுக்கு மேல் மிச்சம். குளிர்பெட்டியிலும் விசிறியிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் அழகுக்கு ஒட்டியவை அல்ல. வாங்கும் விலை ஒருநாள் விலை. ஓட்டும் விலை தினசரி விலை.

சமையல் உள்ளிலும் இப்படியே. அரிசியைத் தீட்டத் தீட்ட, தவிட்டோடு தயாமின் என்னும் ஜீவசத்து போய்விடுகிறது. தீட்டிய அரிசியையே உண்பவர்களுக்குப் பெரிபெரி என்னும் நோய் வருவதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சிக்காக ஐக்மன் என்னும் டச்சு வைத்தியருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. கைக்குத்தல் அரிசிக்காகக் கிராமக் கைத்தொழில் சங்கம் வாதாடியதற்கு இந்த அறிவும் ஒரு காரணம். எல்லா வேளையும் இல்லாவிட்டாலும், ஒரு வேளையாவது தீட்டாத அரிசி சமைக்கலாம். ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டு. நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதனால் மூட்டையாக வாங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். மண்சட்டியானால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீர் காய்ச்சிப் பழக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்க வேண்டும். பழக்கிய தோசைக்கல் பேரப்பிள்ளைக்கும் தோசை வார்க்கும். பூச்சுப் பூசிய கல்லோ, பூச்சு உரிந்த அன்று தன் ஆயுளை முடித்துக்கொள்ளும்.

வட்டியில்லாத் தவணை

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத தவணை என்பது உண்மையில் கிடையாது என்றும், அதன் வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைந்திருக்கிறது என்றும் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டிற்று. ஆகவே, கையொப்பமிடுமுன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முழுத் தொகையையும் இன்றே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? தவணைக்கென்று தனிக் கட்டணம் எவ்வளவு? இவ்விரண்டையும் கூட்டினால் மறைந்திருந்த வட்டி வெளியே வந்துவிடும்.

நமக்கும் இதில் அநுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய கடையில், மரக்கட்டில் என்று சொன்னதை நம்பித் தவணையில் வாங்கினோம். ஐப்பசி மழையில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. கட்டிலின் கால் பூரி போல் உப்பிற்று. உள்ளே இருந்தது மரமல்ல. மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. கட்டில் போன பிறகும் தவணை ஏழு மாதம் பாக்கியிருந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பணம் கட்டிய பெருமை நமக்கு உண்டு!

மீண்டும் ஜாபிதா

கல்லுப்பட்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், நண்பரும் அவர் மனைவியும் ஜாபிதாவைப் புதிதாக எழுதினார்கள். இம்முறை மூன்று பத்திகள். குடியேறும் அன்றே வேண்டியவை முதற்பத்தி. மூன்று மாதம் வாழ்ந்து பார்த்த பின் முடிவு செய்ய வேண்டியவை இரண்டாம் பத்தி. ஒரு வருஷம் இல்லாமலே கழிந்தால் அடித்துவிட வேண்டியவை மூன்றாம் பத்தி. முதற்பத்தியில் 22 உருப்படிகள்தாம் நின்றன. அவற்றை ரொக்கத்தில் வாங்க அவர்கள் கையிருப்பே போதுமானதாயிருந்தது.

மூன்று பத்தி முறையை நாம் வாசகர்களுக்கும் சிபாரிசு செய்கிறோம். ஒரு வீட்டில் வெயில் எந்த ஜன்னலில் விழும், குழந்தை எந்த மூலையில் படிக்க உட்காரும், காற்று எந்தப் பக்கம் வரும் என்பன குடியேறிய பிறகே தெரியும். அது தெரியாமல் மேஜை நாற்காலி வாங்குகிறவன், மனிதரைப் பாராமல் சட்டை தைக்கிறவனுக்கு ஒப்பாவான்.

கிருஹப்பிரவேசத்தன்று நாமும் போயிருந்தோம். கூடம் விசாலமாக இருந்தது. பவானி ஜமக்காளத்தில் உறவினர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். சமையல் உள்ளில் மானாமதுரைப் பானை. எரிவாயு அடுப்பில் பால் பொங்கிற்று. தாயார் கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்த சுளகைத் தம் மருமகள் கையில் கொடுத்தார். அதில் உப்பும், மஞ்சளும், ஒரு தீப்பெட்டியும், புது அரிவாள்மனையும் இருந்தன.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னும் சாமான் வந்து இறங்கவில்லையா?" என்று விசாரித்தார்.

"வேண்டியது வந்துருச்சு, தாயி. மத்தது, வேணும்னா வரும்" என்றார் கல்லுப்பட்டி மூதாட்டி.